‘அவள் மகன் தோற்றதில் எனக்கு ஏன் சந்தோஷம் வந்தது?’

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 41. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். நானும் என் தோழியும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), அடுத்தடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்தை உடைத்தபோது இரண்டு குடும்பமும் ஒரே தாமானுக்கு வந்தோம். அவள் மகனுக்குக் காது குத்தியபோது மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்டது என் தம்பிதான்.

ஆறு வருடமாகத் தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் அதையே ஆரம்பித்தாள். நான் ஒரு டின் 20 வெள்ளி என்றால் அவள் 18 வெள்ளி. நான் பழைய எண்ணெயில் சுடுகிறேன் என்று அவள் சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். என் மகளுக்கு மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பில்) இடம் கிடைத்த அன்று வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் வாழ்த்தினார்கள். அவள் மட்டும் ‘இப்பல்லாம் யாருக்குத்தான் கிடைக்கல’ என்று எழுதினாள். எனக்கு உடம்பு போட்டுவிட்டதைப் பத்து பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். கேட்டால், ‘உரிமையில சொன்னேன்டி’ என்பாள். என் வீட்டுக்காரர் வேலை போன சமயத்தில் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கியதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கடனை அடைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆனால் போன மாதம் கோயில் சமையல்கட்டில் ஓர் அம்மா அதைப் பற்றி என்னிடமே விசாரித்தார்.

அவள் பிடிக்கும் கூட்டில் (சீட்டில்) நானும் இருக்கிறேன். என் முறைக்கு வந்த பணத்தை எடுத்துவிட்டேன். இன்னும் நான்கு மாதம் கட்ட வேண்டும். கிளினிக்கில் ரத்த அழுத்தம் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. இந்த வருடம் எஸ்.பி.எம். (படிவம் ஐந்துத் தேர்வு) முடிவு வந்தபோது அவள் மகன் வரலாற்றில் தோற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அக்கா. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. அவளை விட்டு விலகிவிடவா? இந்தச் சின்ன ஊரில் எப்படி விலகுவது? அடுத்த மாதம் அவள் அம்மாவுக்கு வருடத் திதி. அதற்குப் போகலாமா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தில் முக்கால்வாசி அவளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பத்திதான் உங்களைப் பற்றியது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தச் சந்தோஷம் வந்ததால் நீங்கள் கெட்டவளாகிவிடவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஆலோசகராக இருக்கிறேன். நெருங்கிய ஒருவர் சறுக்கியபோது மனம் ஒரு கணம் துள்ளியது என்று தலை குனிந்து என்னிடம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள், ஒரே பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. உணர்ச்சி நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்த பிறகு நாம் என்ன செய்தோம் என்பதற்குத்தான் நாம் பொறுப்பு. நீங்கள் அதை யாரிடமும் போய்ச் சொன்னதாக எழுதவில்லை. குழுவில் ஒரு வார்த்தை போட்டதாகவும் இல்லை. நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை என்ற நினைவு அடுத்த நிமிடமே வந்திருக்கிறது, அதனால்தான் தூக்கம் போயிருக்கிறது. பிள்ளைமேல் அன்பு செத்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள்.

ஆனாலும் அந்த உணர்ச்சியைத் துடைத்துப் போட்டுவிட வேண்டாம். அவள் வீட்டில் ஒன்று குறைந்தால் உங்கள் வீட்டில் ஒன்று கூடியதாகக் கணக்கு விழும் நிலைக்கு இந்த நட்பு வந்துவிட்டது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. இந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பீடோர் பக்கம். என் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் விடியும் முன்னே நெற்றி விளக்கோடு கிளம்பி, அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டுவார்கள். மரத்தில் கட்டிய மங்கில் (கோப்பையில்) பால் வடிந்ததும் வாளியில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வர வேண்டும். அங்கே நிறுவை. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எடையைச் சத்தமாகப் படித்துப் புத்தகத்தில் எழுதுவார். இன்று யாருக்கு எத்தனை கிலோ என்பது மத்தியானத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அத்தைக்கு எடை கூடிய நாளில் அம்மா சோறு போடும்போதே பாத்திரம் சத்தம் போடும். அதே அம்மா காய்ச்சலில் பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு நாள், அத்தை தன் நிரையை முடித்துவிட்டு அம்மாவின் நிரைக்கும் போய் அத்தனை மங்கையும் எடுத்தார். எடுக்காமல் விட்டிருந்தால் பால் உறைந்து கட்டியாகியிருக்கும், விலை பாதிக்குப் போயிருக்கும். அன்று அம்மாவின் எடை அம்மாவின் பெயரில்தான் எழுதப்பட்டது.

உங்கள் அம்மாவும் அவள் அம்மாவும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். போட்டியும் ஒத்தாசையும் ஒரே நாளில், ஒரே இரண்டு பேருக்குள் இருந்தன. அடைமழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது, சம்பளம் இல்லை. அப்போது அரிசி கடன் கேட்கப் பக்கத்து வீடுதான் இருந்தது. எவ்வளவு பொறாமை இருந்தாலும் உறவை அறுத்துக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. ஒருவருக்கு ஒருவர் அவ்வளவு தேவைப்பட்டார்கள்.

லயம் போனது. அவரவருக்குத் தனி வீடு, தனிக் கேட், தனிச் சம்பளம். அரிசிக்குப் பக்கத்து வீட்டைத் தட்ட வேண்டிய தேவை போய்விட்டது. நிறுவை மட்டும் போகவில்லை. முறுக்கு டின், எஸ்.பி.எம். முடிவு, உடம்பு, வீட்டுக்கு முன்னால் நிற்கும் காடி என்று கண்ணில் பட்டதை எல்லாம் அதில் ஏற்றுகிறோம். இது நான் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது. தோட்டத்திலிருந்து ஒன்றாக வந்த குடும்பங்களுக்குள் ஏன் இவ்வளவு உரசல் என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்வேன்.

இதை உளவியலும் வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதினார்: தன் திறமையை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதன் தன்னைப் போன்ற இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். திறமையில் வெகு தூரத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவது குறைவு. உங்களுக்குக் கோலாலம்பூரில் பெரிய கேக் கடை வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்து எரிச்சல் வராது. ஒரே லயம், ஒரே பள்ளி, ஒரே வயது, ஒரே மாதிரிக் கல்யாணம் என்று இருக்கும் தோழியைப் பார்த்தால் வரும். அவள்தான் உங்கள் அளவுகோல். நீங்கள் அவளுக்கு அளவுகோல்.

இன்னொரு ஆராய்ச்சி எனக்கு எப்போதும் மனதைத் தொடும். 1980-இல் ஏபிரகாம் டெசரும் அவருடைய சகாவும் செய்தது. ஒருவர் ஒரு சொல்லை மனதில் வைத்துக் குறிப்புக் கொடுக்க வேண்டும், மற்றவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இது வெறும் விளையாட்டு என்று சொன்னபோது பெரும்பாலும் நண்பருக்கு எளிதான குறிப்பையும் முன்பின் தெரியாதவருக்குக் கடினமான குறிப்பையும் கொடுத்தார்கள். இது உங்கள் அறிவைக் காட்டும் முக்கியமான சோதனை என்று சொன்னபோது கதை மாறியது. நண்பருக்குக் கிடைத்து வந்த அந்தச் சலுகை காணாமல் போனது, தெரியாதவருக்குக் கிடைத்த உதவிகூட நண்பருக்குக் கிடைக்கவில்லை. நமக்கு முக்கியம் என்று நினைக்கும் விஷயத்தில், நமக்கு நெருக்கமானவர் நம்மைத் தாண்டினால்தான் அதிகம் வலிக்கிறது. அவள் நன்றாகப் பாடினால் நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பீர்கள். அவள் முறுக்குச் சுட்டாள். அதுதான் பிரச்சினை.

‘பெண்ணுக்குப் பெண்தான் எதிரி’ என்று யாராவது இதற்கு நடுவில் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். டவுன் காப்பிக் கடையில் நாற்பது வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, கோயில் கமிட்டித் தேர்தலுக்கு அப்புறம் முகம் பார்க்காத ஆண்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். அதை யாரும் ஆண்களின் குணம் என்று சொல்வதில்லை.

இனி நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் குற்றங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே கோபம் காட்டினால் நியாயமான கோபமும் எடுபடாமல் போகும்.

முறுக்கு செய்வது துரோகம் ஆகாது. தீபாவளிக்கு ஆர்டர் எடுக்க யாருக்கும் உரிமை உண்டு. இரண்டு வெள்ளி குறைத்து விற்பது வியாபாரம். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பித்திருந்தால் அழகாக இருந்திருக்கும், சொல்லவில்லை, அதில் வருத்தப்பட உங்களுக்கு இடம் இருக்கிறது. அவ்வளவுதான். பழைய எண்ணெய்ப் பேச்சு உங்கள் காதுக்கு இன்னொருவர் வழியாக வந்தது. அந்த ஆள் எதற்காக அதைச் சுமந்துகொண்டு வந்தார் என்றும் யோசிக்க வேண்டும். சின்ன ஊரில் இரண்டு பேர் சண்டையில் மூன்றாவது ஆளுக்குப் பொழுது போகிறது. அதை உண்மை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள். அடுத்த முறை அப்படி யாராவது வந்தால், ‘அதை அவள் என்னிடம் சொல்லட்டும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

உடம்பைப் பற்றிச் சிரிப்பதும் குழுவில் எழுதியதும் இதைவிடக் கனமானவை. உரிமை என்றால் தனியாக இருக்கும்போது எடுத்துக்கொள்வது. பத்து பேர் முன்னால் எடுத்துக்கொண்டால் அது அந்தப் பத்து பேருக்காகச் செய்வது.

கடன் விஷயம் எல்லாவற்றிலிருந்தும் வேறு. வீட்டுக்காரர் வேலை இழந்து, வாசலில் யார் வந்து நிற்பார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்த நாளில் நீங்கள் அவளை நம்பிச் சொன்னது. அது சமையல்கட்டு வரைக்கும் போயிருக்கிறது. அவள் எந்த நோக்கத்தோடு சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது, பரிதாபப்பட்டுக்கூட யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவள் அவள். அதை நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு முறுக்குக்காகச் சண்டை போட்டால், ஊர் உங்களைத்தான் பொறாமைக்காரி என்று சொல்லும்.

எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப்பில் வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம், அது அடுத்த நிமிடம் இன்னொரு கைபேசியில் ஒலிக்கும். நேரில், இரண்டு பேர் மட்டும், கையில் ஒரு வேலை இருக்கும்போது பேசினால் நல்லது. காய் நறுக்கிக்கொண்டோ, பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) நடந்து போகும்போதோ. கண்ணுக்குக் கண் பார்த்து உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘கடன் விஷயத்த ஒன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். கோயில்ல என்கிட்டயே கேக்குறாங்க. எனக்கு ரொம்ப வலிச்சிச்சு.’ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முறுக்கை இழுக்க வேண்டாம், மெட்ரிகுலேஷனை இழுக்க வேண்டாம், பள்ளிக் காலத்தில் எப்போதோ நடந்ததை நிச்சயமாக இழுக்க வேண்டாம். அவள் என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். ‘தெரியாமச் சொல்லிட்டேன்டி, மன்னிச்சிடு’ என்று வந்தால் அங்கே இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது. ‘நான் எங்க சொன்னேன், யார் சொன்னது, பேரைச் சொல்லு’ என்று வந்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெயரைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி. அன்பாகத்தான் கேட்கிறேன். மகளுக்கு இடம் கிடைத்த செய்தியை அவளிடம் முதலில் தனியாகச் சொன்னீர்களா, இல்லை, குழுவில் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டபோதுதான் அவளும் பார்த்தாளா? நம் ஊரில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மெட்ரிகுலேஷன் என்ற சொல் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அவள் மகன் அப்போது படிவம் நான்கிலோ ஐந்திலோ இருந்திருப்பான். படிப்பில் அவன் எப்படிப் போகிறான் என்று அவளுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கும். அவள் எழுதிய வரி மட்டமானது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த நிறுவையில் இரண்டு வாளியும் இருந்திருக்கின்றன. நீங்கள் பெருமையில் போட்டதும் அவள் எரிச்சலில் எழுதியதும் ஒரே தட்டில் விழுந்திருக்கின்றன. அப்படி எதுவும் இல்லை, அவளிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன் என்றால், நான் கேட்டதை விட்டுவிடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு வருகிறேன். மருந்தை நிறுத்தாதீர்கள், கிளினிக் தேதியைத் தவற விடாதீர்கள். எடை, உப்பு, பரம்பரை, வயது எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கும், தோழி ஒருத்தியால் மட்டும் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 2003-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஆட்களுக்கு ரத்த அழுத்தம் அளக்கும் கருவியை மாட்டிவிட்டு, அன்றாட வாழ்க்கையில் யாரோடு பேசும்போது எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். பிடிக்காத ஆளோடு இருக்கும்போது ஏறும் என்றுதானே நினைப்போம். அன்பும் எரிச்சலும் கலந்த உறவில் இருப்பவர்களோடு இருக்கும்போதுதான் அதிகமாக இருந்தது. எனக்கு அது புரிகிறது. பிடிக்காதவர் வந்தால் நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். இவள் வந்தால் ஒரு கை திறக்கிறது, ஒரு கை சாத்துகிறது. இன்று தலை தடவுவாளா, குத்துவாளா என்று உடம்பு காத்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் விலகுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில்: அறுக்க வேண்டாம், இறக்கி வையுங்கள்.

‘உயிர்த் தோழி’க்கும் ‘எதிரி’க்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. தெரிந்தவள், பக்கத்துத் தெருக்காரி, கோயிலில் பார்த்தால் பேசுபவள், நல்லது கெட்டதுக்கு வருபவள். பெரிய பட்டணத்தில் இருப்பவர்கள் எண்ணை அழித்துவிட்டு வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம். சுங்கை சிப்புட்டில் அது நடக்காது. ஒரே பாசார், ஒரே கோயில், ஒரே சாவு வீடு. அறுத்தால் ஊர் இரண்டு பக்கமாக நிற்கும், உங்கள் பிள்ளைகளும் அவள் பிள்ளைகளும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். படியை இறக்குவதற்கு அறிவிப்பு தேவையில்லை. ‘இனிமே நீ எனக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரர் சம்பளம், மகளின் மதிப்பெண், உங்கள் மருந்து, அடுத்த தீபாவளிக்கு என்ன புதிதாகச் செய்யப் போகிறீர்கள் என்பதெல்லாம் இனி அவளிடம் போகாது. மழை, கோயில் திருவிழா, பாசாரில் மீன் விலை இதெல்லாம் போகும். அவள் கவனித்து, ‘என்னடி முன்ன மாதிரி இல்ல’ என்று கேட்பாள். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்: ‘அந்தக் கடன் விஷயத்துக்கு அப்புறம் எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.’

இரண்டு மூன்று மாதம் கழித்துச் சின்னதாக ஒரு நல்ல செய்தியை அவளிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரியதாக வேண்டாம், புதிதாக ஒரு ஆபீஸிலிருந்து பத்து டின் ஆர்டர் வந்தது என்பது போல. கெட்டது நடந்தபோது ஓடி வருகிறவர்களை நாம் பெரிதாகப் பேசுகிறோம். அவளும் உங்கள் கெட்ட நாளில் வந்திருப்பாள், கடனைப் பற்றி நீங்கள் அவளிடம் சொன்னதே அதனால்தான். நல்லது நடந்தபோது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் உறவைக் காட்டும் என்று ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004-இல் காட்டினார். ‘அட, எந்த ஆபீஸ், எப்படிடி கிடைச்சிச்சு’ என்று அவள் கேட்டால், மனம் இளகி வருகிறது என்று அர்த்தம், நீங்களும் ஒரு படி ஏறலாம். ‘ஓ’ என்று விட்டுவிட்டுத் தன் கதைக்குப் போனாலோ, ‘அவங்க பணம் லேட்டாத்தான் தருவாங்க’ என்றாலோ, இருக்கும் படியே போதும்.

கூட்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் முறையை எடுத்துவிட்டீர்கள். மீதி நான்கு மாதத்தையும் தேதி தவறாமல், ஒரு நாள் முன்னதாகவே கட்டிவிடுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, அந்தப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிறுத்தினால் அவள்தான் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அப்புறம் ஊர் பேசுவது ஒன்றே ஒன்றைத்தான். நான்கு மாதம் முடிந்ததும் அடுத்த சுற்றில் சேராதீர்கள், அவளுடையதிலும் சரி, வேறு யாருடையதிலும் சரி. நம் நாட்டில் கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. பணம் போனால் கேட்டு வாங்குவது கடினம். இரண்டு பேருக்குள் நம்பிக்கை குறைந்த பிறகு அப்படிப்பட்ட பணத்தை நடுவில் வைக்கக் கூடாது.

முறுக்கு வியாபாரத்தில் விலையைக் குறைக்காதீர்கள். அவள் 18 என்றால் நீங்கள் 17 என்று இறங்கினால் இரண்டு பேருக்கும் மாவுக் காசுகூட மிஞ்சாது. உங்களுக்கு நெய் உருண்டையில் கை நன்றாக இருந்தால் அதில் கவனம் செலுத்துங்கள். வாடிக்கையாளர் யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் ‘நல்லாச் செய்வாங்க’ என்று சொல்லுங்கள். அவளுக்காகச் சொல்லச் சொல்லவில்லை. அப்படிச் சொன்ன பிறகு உங்கள் உள்ளம் எவ்வளவு லேசாகிறது என்று பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

தூக்கம் இன்னும் மூன்று நான்கு வாரத்துக்கு இப்படியே இருந்தால், அல்லது வேலையில் மனம் போகாமல், சாப்பாடு பிடிக்காமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் தோழியை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் போகும் அதே அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான தாலியான் ஹீல் 15555-இல் பேசலாம். தனியாக ஆலோசகரிடம் போனால், அவர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அந்தப் பையனைப் பற்றி. எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழ். 2013-இலிருந்து வரலாற்றுக்கும் அந்த விதி வந்தது. ஒரு பாடம் போனதால் மற்ற பாடங்களில் வாங்கியதும் கையில் வராத நிலையில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பான். ஆனால் வரலாற்றை மறுபடி எழுத வழி இருக்கிறது. உங்கள் மகள் அந்தப் பாடத்தை நன்றாகவே முடித்திருப்பாள், குறிப்புப் புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். அதை இப்போது தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இன்றைய நிலையில் நீங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவளுக்கு அது அறை விழுந்தது மாதிரி இருக்கும், ‘என் மகள் பாஸ், உன் மகன் பெயில்’ என்று காதில் கேட்கும். பையன் மோட்டாரில் வழியில் பார்த்தால் நிறுத்தி, ‘சாப்பிட்டியா’ என்று எப்போதும் கேட்பதையே கேளுங்கள். அவனாக வாய் திறந்து பரீட்சையைப் பற்றிச் சொன்னால், புத்தகம் இருக்கிறது, வேண்டுமானால் அக்காவிடம் கேள் என்று சொல்லுங்கள். அவனும் உங்கள் மகளும் பேசிக்கொள்ளட்டும். அதில் தாய்மார் இருவரும் வர வேண்டாம்.

கடைசியாகத் திதி. போங்கள். அந்த அம்மா உங்களுக்கும் தலை வாரிவிட்டிருப்பார், உங்கள் அம்மாவோடு பக்கத்து நிரையில் நின்றிருப்பார். அவருக்குச் செய்யும் மரியாதைக்கும் உங்கள் இருவர் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. பலகாரம் எதுவும் செய்து எடுத்துப் போக வேண்டாம், இந்த வருடம் மட்டும். கொஞ்சம் பூவும் பழமும் போதும். காலையிலேயே போய், பின்னால் வாழை இலை கழுவும் இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். சாமி கும்பிட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, அவளிடம் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா